ஆறரை இஞ்ச் போர்

பன்னிரண்டு வோல்ட் வடிவானவளே, சிவப்பு கறுப்பு என இருமுனை கொண்டவளே, இருக்கைக்கு அடியில் இருளில் அமர்ந்து இயந்திரக் குலத்துக்கெல்லாம் உயிரூட்டும் பேட்டரி அன்னையே, முன்னின்று காப்பாயாக. தான் உருகிப் பிறர் உயிர் காக்கும் ஃபியூஸ் என்னும் தியாகச் செம்மலே, உடன் நிற்பாயாக. கறுப்பு நிறத்து இன்சுலேஷன் டேப்பே, இக்கதையில் எங்கெல்லாம் மானம் கிழிகிறதோ அங்கெல்லாம் ஓடி வந்து ஒட்டுவாயாக. நான் சொல்லப் புகுவது சிறிய கதை அன்று. ஒரு படகு, இரண்டு ஸ்பீக்கர், ஒரு வீரர் என்னும் மூன்றும் கூடி மேட்டூர் நீர்ப்பரப்பின் அமைதியை ஒரு பகல் முழுதும் குலைத்த பெருங்கதை.

வாழ்க செங்கோடனார். கருங்கல்லின் காலன் வாழ்க. ஆயிரம் அடி ஆழத்தில் உறங்கிய நீரை அதட்டி எழுப்பியவர் வாழ்க. ஆந்திரத்தின் மார்பையும் மத்தியப் பிரதேசத்தின் விலாவையும் துளைத்து, துளைத்த இடமெல்லாம் தேங்காய் உடைத்து, உடைத்த தேங்காயைச் சில்லு விடாமல் தின்று திரும்பிய திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தலைவர் வாழ்க. நீர் கண்ட இடத்தில் மாலை ஏற்றவர், நீரில்லாமல் புகை மட்டும் கண்ட இடத்திலும் இன்னும் ஐம்பதடி போட்டுப் பார்க்கலாம் என்று உழவர் நெஞ்சில் நம்பிக்கை வார்த்தவர், அடி தோறும் கூலி பெற்றவர், பெற்ற கூலியில் பாதியை அங்கேயே டீசலாக எரித்தவர் வாழ்க, வாழ்க.

இவர் என் கணவர். மறைந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி மறுத்துப் பேச வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கக்கூடும். மறுத்துப் பேச வந்தால் எழுந்து நின்று வழிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் போர் என்ற சொல்லுக்கு முதற்பொருள் தண்ணீருக்காக ரிக் வண்டி நிலத்தில் போடும் துளை. வாளும் வேலும் ஏந்திச் செய்வது அதற்கு அப்புறம்தான். முதற்போரில் முப்பது ஆண்டு தோல்வி அறியாத செங்கோடனார், இரண்டாம் போரில் இறங்கிய வரலாறே இது. அதற்கு முன், பகைவன் யார் என்று சொல்லிவிட வேண்டும். பகைவன் வெளியில் இல்லை. அவருடைய இரண்டு காதுகளுக்குள் குடியிருந்தான்.

ரிக் வண்டியின் பின்னால் கம்ப்ரஸர் என்றொரு பூதம் நிற்கும். நூறு யானை ஒரே சமயத்தில் பிளிறி, பிளிறியது போதாதென்று ஒன்றையொன்று அதட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி அது அலறும். அதன் பக்கத்தில் பகலும் இரவும் நின்று வேலை வாங்கியவர் காதில் பஞ்சு வைத்ததில்லை. பஞ்சு வைத்தால் பாறை மாறும் சத்தம் தெரியாது என்பார். ஆகவே பூதம் தன் கூலியைக் காதில் எடுத்துக்கொண்டது. ஒரேயடியாக எடுக்கவில்லை. தடதட என்பதை விட்டுவைத்தது. கிண் என்பதைக் கொண்டுபோயிற்று. தவில் வந்தது, ஜால்ரா வரவில்லை. என் பேச்சில் நீட்டியது போய்ச் சேர்ந்தது, நறுக்கியது வழியிலேயே விழுந்தது.

இதை ஊர் அறியும், உறவு அறியும். செங்கோடனார் மட்டும் அறியமாட்டார். அவர் கண்ட உலகில் காதுகள் நலமாக இருந்தன. பொருள்கள்தாம் ஒவ்வொன்றாக ஊமையாகிக்கொண்டு வந்தன. முதலில் வீழ்ந்தது காலிங் பெல். அடிக்காத குற்றத்துக்காக அது சுவரிலிருந்து பிடுங்கப்பட்டது. அதன் அரியணையில் அமர்ந்த புதிய பெல்லும் அதே குற்றத்தில் அகப்பட்டு வீழ்ந்தது. மூன்றாவதாக ஒரு பெல் வந்தது. அது அடித்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து தம் கதவைத் திறந்தார். அடுத்து குக்கர். விசில் வராத குக்கர் வீட்டுக்கு ஆகாது என்று வெயிட்டும் கேஸ்கட்டும் மாற்றப்பட்டு, பின்பு குக்கரே மாற்றப்பட்டது. அதன் பின் கைப்பேசி. அதன் பின் டிவி. வெற்றி மேல் வெற்றி கொண்டு, வீட்டில் ஊமையாக இன்னும் எது மிச்சம் இருக்கிறது என்று கண் சிவந்து நோக்கிய வேளையில்தான் படகின் ஸ்பீக்கர்கள் அவர் பார்வையில் பட்டன.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு பேர் அமரக்கூடிய ஃபைபர் படகு. கொச்சியில் யாரோ கழித்துவிட்டதை வாங்கி, முன்பு தம் ரிக்கோடு ஓடிய சப்போர்ட் லாரியின் முதுகில் ஏற்றி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தரையில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ரிக் வண்டியை விற்று ஓய்ந்த வருடம் அது. ஓய்ந்தவர்கள் காசிக்குப் போவார்கள், பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார்கள். நீரைத் தேடிப் பூமிக்குள் போன மனிதர், கண்ணெதிரே சும்மா கிடக்கும் நீரின் மேல் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தார். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கொளத்தூர்ப் பக்கத்துக் கரையில் படகைக் கட்டினார். ரிக் வண்டிகளின் நெற்றியில் சாமி பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். படகின் மூக்கில் அவர் எழுதியது கண்ணாத்தாள் என்று. அது என் பெயர்.

உட்கார்வதற்கு ஒரு காரணம் இருந்தது. இளவயதில், பெயர் தெரியாத ஊர்களின் பொட்டல்களில், வேலை முடிந்து கம்ப்ரஸரை நிறுத்துவார்களாம். நிறுத்திய பின்னும் கொஞ்ச நேரம் காதில் அது ஓடிக்கொண்டே இருக்குமாம். பிறகு அது தேய்ந்து தேய்ந்து, டிரைவர் சீட்டில் இருக்கும் டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு பாட்டு மேலே வருமாம். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு புல்லாங்குழல். குழல் காதுக்குள் வந்து சேர்ந்தால்தான் அன்றைய நாள் முடிந்தது என்று கணக்கு. இதைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவையும், அதன் பின் எண்ணிக்கையில்லாத தடவையும் என்னிடம் சொல்லியிருக்கிறார். படகு வாங்கியது அதற்குத்தான். நடுநீரில் எஞ்சினை நிறுத்துவார், பாட்டைப் போடுவார், கண்ணை மூடிக் காத்திருப்பார். தவில் வரும், தபேலா வரும், பாட்டுக்காரர் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வரும். குழல் மட்டும் வராது. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

போருக்கு வித்திட்டவன் என் தம்பி சின்னண்ணன். மல்லசமுத்திரத்துக்காரன், நாமக்கல்லில் நாலு லாரி ஓட்டுபவன், நாக்கில் மட்டும் பிரேக் இல்லாதவன். ஆவணி மாதம், அணை நிறைந்து ததும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனையும் ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. நடுநீரில் வழக்கம்போல் எஞ்சின் ஓய்ந்தது, பாட்டு எழுந்தது, ஒலி ஏறியது, மேலும் ஏறியது. சின்னண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். கொஞ்சம் குறைக்கும்படி சாடையில் வேண்டினான். செங்கோடனார் ஸ்பீக்கரின் சாவை அறிவித்தார். அப்போது அவன் சொன்னான்:

"ஸ்பீக்கரு நல்லாத்தான் பாடுதுங்க மாமா. கேக்கறவங்கதான் ஊருக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது."

எத்தனையோ நறுக்குச் சொற்கள் வழியில் விழுந்து மறைந்திருக்க, இந்தச் சொல் மட்டும் ஒரு எழுத்துச் சேதமின்றிச் செங்கோடனாரின் செவியில் போய்க் குத்தியதுதான் விதி. படகு ஒரு கணம் ஆடியது. அணை நீர் ஒரு கணம் யோசித்தது. தேய்ந்த டிரில் பிட்டு கருங்கல்லில் பட்டால் எழும் பொறி அவர் கண்ணில் எழுந்தது. எழுந்து நின்றார், படகு மேலும் ஆடவே உட்கார்ந்துகொண்டார், உட்கார்ந்தபடியே சபதம் உரைத்தார்:

"வர்ற ஞாயித்துக்கெழமை வா சின்னண்ணா. இந்தப் போட்டுல புல்லாங்கொழல் உங்காதக் கிழிக்கும். கிழிக்கிலீனா நான் ரிக்கு ஓட்டுனவனே இல்ல."

சபதம் செய்தவருக்கு ஆயுதம் தேடித் தருவது இக்காலத்தில் கூரியர்க்காரர்களின் கடமையாகிவிட்டது. வியாழக்கிழமை வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. மூன்றாவது பெல் முழங்கிற்று. எதிர்வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். பெட்டிக்குள் இரட்டையர் துயின்றனர். பாற்கடல் நிறத்து மேனி, நீர் பட்டாலும் துருப்பிடியா வரம், விளிம்பைச் சுற்றி நீல நிறத்தில் எரியும் விளக்கு, படகுக்கென்றே பிறந்த குலம். பெட்டியின் மேல் பொறித்திருந்த எண்ணைக் கண்டதும் செங்கோடனார் முகம், தொலைந்துபோன பங்காளியைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டவர் முகம்போல மலர்ந்தது. ஆறரை இஞ்ச்.

இந்த எண்ணின் பெருமையை அறியாதார் இக்கதையை அறியார். எங்கள் ஊரில் ஆறரை என்பது ஒரு அளவு மட்டும் அன்று. அது ஒரு மதம். ஆறரை போர் என்றால் ஆறரை இஞ்ச் அகலத் துளை. போடும் பிட்டும் ஆறரை, போட்ட துளையும் ஆறரை. துளைத்து முடித்த பின் எவராவது நூல் விட்டு அளந்தால் அது ஆறரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கூலி இல்லை. இந்த மதத்தில் பிறந்து, இந்த மதத்தில் வளர்ந்து, கனவிலும் ஆறரை கண்டவருக்கு, ஸ்பீக்கர் குலத்தாரின் மதம் வேறு என்பது தெரிய வழியில்லை. அவர்கள் ஆறரை என்று சொல்வது ஸ்பீக்கரின் வெளி விளிம்பை. அது உட்காரும் துளை அதைவிடச் சிறியதாக, ஐந்து இஞ்ச் அளவில் இருக்க வேண்டும். விளிம்பு வெளியே தங்கினால்தானே திருகாணி பிடிக்கும்.

இதை அறிந்த ஒருவன் இருந்தான். மாதேஷ். சின்னண்ணனின் லாரிகளுக்கு விளக்கும் பாட்டும் பொருத்துகிறவன். வயரிங் வேலைக்கு அவனை ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணனே காரில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதுவரை பொறுக்குமா வீரர் கை.

ஞாயிறு காலை நாங்கள் இருவரும் முன்னதாகவே கரையை அடைந்துவிட்டோம். பேட்டரியில் ஓடும் கட்டிங் மிஷின் ஒன்று, ஸ்குரூ டிரைவர்கள், கொறடு, பழைய துணி ஆகிய சிற்றாயுதங்களோடு, இரண்டு கையாலும் மார்போடு அணைத்து அவர் ஒரு பேராயுதமும் கொண்டுவந்திருந்தார். ரிக்கை விற்றபோது கொடுக்க மனமில்லாமல் வீட்டில் கதவுக்கு முட்டாக வைத்திருந்த ஆறரை இஞ்ச் டிரில் பிட்டு. பாறையில் இறங்காத புதியது. முகமெல்லாம் உலோகக் கொப்புளம் கொண்டது. ஒரு மூட்டை சிமெண்டில் பாதி எடை உள்ளது. அதைப் படகில் வைத்ததும் கண்ணாத்தாள் என்று என் பெயர் எழுதிய பக்கம் தண்ணீரில் ஒரு சாண் இறங்கிற்று.

சோற்று மூட்டையை எடுக்க நான் கார் நிறுத்திய மேட்டுக்கு ஏறிய நேரத்தில் அவர் கைப்பேசிக்கு மாதேஷின் அழைப்பு வந்தது. அவன் பேசியதை அவனே பின்னால் எனக்கு ஒப்பித்தான்: "அண்ணா, நாங்க வர்ற வரைக்கும் ஓட்டை போடாதீங்க. ஆறரைன்னா ஓட்டை ஆறரை இல்லீங்ணா. பொட்டிக்குள்ள வட்டம் போட்ட அட்டை இருக்கும், அதுதான் அளவு."

காற்றின் வழி புறப்பட்ட இந்தச் செய்தி செங்கோடனாரின் செவி வாசலை அடைந்தபோது, பூதம் அங்கே சுங்கச்சாவடி போட்டு அமர்ந்திருந்தது. தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உள்ளே விட்டது. உள்ளே போனவை: அண்ணா, ஓட்டை போடு, ஆறரை, ஓட்டை ஆறரை. போரில் பழுத்தவருக்கு இதைவிடத் தெளிவான கட்டளை வேண்டுமா. "செரி சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் இறங்கி வருவதற்குள் ஆயுத பூசை முடிந்திருந்தது. முன் இருக்கைக்குக் கீழே, பெட்டி போல் அடைத்த ஃபைபர் சுவரில், பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் கழற்றப்பட்டுக் கண்ணில்லாக் குழிகள்போல் இரண்டு சிறு துளைகள் விழித்தன. அவற்றின் மேல் பேராயுதத்தை ஒட்டிவைத்துச் சுற்றிலும் மார்க்கரால் வட்டம் வரைந்திருந்தார். பூமி பார்த்தே பழகிய பிட்டு முதன்முறையாகப் பக்கவாட்டில் பார்த்தது. பெட்டியிலிருந்து வந்த அட்டைகளையெல்லாம் குப்பை என்று ஒரு பக்கம் தள்ளியிருந்தார். அவற்றில் ஒன்றைக் கீழே வைத்து அதன் மேல் நான் தக்காளிச் சோற்றுப் போசிப் பாத்திரத்தை வைத்தேன்.

இனி எழுந்த போரை எவ்விதம் வருணிப்பேன். கட்டிங் மிஷின் சீறிற்று. ஃபைபர் அலறிற்று. வெண்தூள் எழுந்து மார்கழிப் பனிபோல் மூடிற்று. பனியின் நடுவே, துண்டால் மூக்கைக் கட்டிய வீரர், யானைப்படை நடுவே புகுந்த தனித்தேர்போல விளங்கினார். ஃபைபர் தூளுக்கு ஒரு குணம் உண்டு. அது படும்போது தெரியாது. பட்ட பின் விடாது. முதலில் மணிக்கட்டு அரித்தது. பிறகு முழங்கை அரித்தது. பிறகு கை எட்டாத நடு முதுகில் ஒரு இடம் அரித்தது. வீரர் ஒரு கையால் அறுத்தும் மறு கையால் சொறிந்தும், சொறிய எட்டாத இடத்தைப் படகின் விளிம்பில் தேய்த்தும், எருமை மரத்தில் உராய்வது போல் உராய்ந்தும், போரை நிறுத்தாமல் நடத்தினார். வட்டங்கள் இரண்டும் வீழ்ந்தன. நூல் பிடித்து அளந்தார். ஆறரை. மயிரிழை பிசகில்லை. என்னையும் கூப்பிட்டு அளந்து காட்டினார். மேட்டில் புல் மேய்ந்த ஆட்டையும் கூப்பிட்டிருப்பார்.

பிறகு வலப்பக்கத்து ஸ்பீக்கரை இரண்டு கையாலும் ஏந்தி, கருவறையில் சாமியை அமர்த்தும் பக்தியோடு துளையில் வைத்தார். அது உட்கார்ந்தது. உட்கார்ந்தது மட்டுமல்ல, உள்ளே போயிற்று. உள்ளே போனது மட்டுமல்ல, இருட்டுக்குள் பொத்தென்று விழுந்தது.

குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஏதோ கை தவறியது என்று நினைத்தவராக இடப்பக்கத்து ஸ்பீக்கரை எடுத்து இடப்பக்கத்துத் துளையில் வைத்தார். பொத்.

போர்க்குழியில் மோட்டார் விழுந்தால் எடுப்பதற்கு வித்தை தெரிந்தவர் அவர். கையைத் துளைக்குள் விட்டார், தோள்வரை போயிற்று, கன்னம் ஃபைபரில் ஒட்டியது. உள்ளே தடவினார். பெற்ற பிள்ளையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கூப்பிடுவது போல, "வா சாமி, வெளிய வா சாமி" என்று கொஞ்சினார். சாமி வரவில்லை. கைக்கடிகாரம் பழைய வயரில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வயர் விடவில்லை. இந்நிலையில், ஒரு கை படகின் வயிற்றுக்குள்ளும், மறு கை முதுகைச் சொறிந்தபடியும், கன்னம் இருக்கையில் அழுந்தியபடியும் வீரர் கிடந்த வேளையில்தான் சின்னண்ணனின் கார் வந்து நின்றது.

மாதேஷ் முதலில் இறங்கி ஓடிவந்தான். துளையைப் பார்த்தான். துளைக்குள் மறைந்த கையைப் பார்த்தான்.

"போடாதீங்கன்னுதானுங்ணா சொன்னேன்" என்றான்.

"போடுங்கன்னு சொன்னியப்பா" என்றார் செங்கோடனார்.

மாதேஷ் சின்னண்ணனைப் பார்த்தான். சின்னண்ணன் வாயைத் திறந்தான். நான் சின்னண்ணனைப் பார்த்தேன். பிறந்த நாள்முதல் பிரேக் இல்லாத அந்த நாக்கு, அக்காள் பார்வை என்னும் கல்லில் மோதி முதன்முறையாக நின்றது. படகுக்குள் கிடந்தவர் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றுவதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

கையும் ஸ்பீக்கர்களும் மீட்கப்பட்ட பின் மந்திராலோசனை கூடிற்று. துளை பெரிதாகிவிட்டது. பெரிதான துளைக்குள் சிறிய பொருளை நிறுத்த நடுவில் ஒரு வளையம் வேண்டும். மறுநாள் நாமக்கல்லில் பிளைவுட்டில் வெட்டிக் கொண்டுவருவதாக மாதேஷ் சொன்னான். சபதத்தின் தவணை இன்றோடு முடிகிறது. நாளை என்பதைச் செங்கோடனார் ஏற்கவில்லை. துளை தளர்ந்தால் கேசிங் பைப் இறக்குவதே ரிக் வேதம் என்றார். பைப்புக்கு வளையம்போல் முகம் கிடையாது என்று மாதேஷ் பணிவாகச் சொன்னான். அவர் கண் நாற்றிசையும் தேடிற்று. வானில் தேடிற்று, நீரில் தேடிற்று, கரையில் தேடிற்று. கடைசியில், தக்காளிச் சோற்றுக்காக நான் எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டிபன் தட்டுகளில் வந்து நிலைத்தது. வட்டமானவை. எட்டு இஞ்ச் அகலம் கொண்டவை. பளபளப்பவை. துருப்பிடிக்காதவை. சோறு தின்ன மட்டுமே பிறந்தவை என்று அதுவரை நம்பப்பட்டவை.

என்னைப் பார்த்தார். இரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

போசிக்கு அடியில் இருந்த அட்டைதான் மாதேஷ் சொன்ன அட்டை என்பது அப்போது தெரிந்தது. அடிச்சூட்டில் கொஞ்சம் வியர்த்திருந்த அதை வைத்து வட்டம் வரைந்தார்கள். தட்டின் நடு வயிறு பிளந்தது. எவர்சில்வர் கிறீச்சிட்ட ஓசையில் சின்னண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டான். செங்கோடனார் பல் கூசாமல், சந்தனம் அரைப்பவர் முகத்தோடு அறுத்துக்கொண்டிருந்தார். வளையங்கள் ஏறின. ஸ்பீக்கர்கள் வளையத்தில் ஏறின. திருகாணிகள் இறங்கின. மாதேஷ் வயர்களை இணைத்தான். நீல விளக்கு எரிந்தது. ஊரார் எல்லாம் வந்து பார்க்க வேண்டிய அழகு. ஒரே ஒரு குறை. எங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்த தட்டுகள் அவை. பாத்திரம் கொடுப்பவர் பெயரை அதிலேயே வெட்டிக் கொடுப்பதும், கொடுத்தவர் வரும்போதெல்லாம் அதைத் தேடிப் பிடித்து அவர் முன் வைப்பதும் எங்கள் ஜனங்களின் வழக்கம். ஆகவே வலப்பக்கத்து விளிம்பிலும் இடப்பக்கத்து விளிம்பிலும், நீல ஒளி பட்டு மின்னும் புள்ளி எழுத்தில், 'சின்னண்ணன், மல்லசமுத்திரம்' என்று இருந்தது.

"போட்டை எம்பேருக்கே மாத்தியாச்சாட்ட இருக்குதுங்க மாமா" என்றான் சின்னண்ணன்.

இது வீரரின் செவியில் விழவில்லை. விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம்.

சபதப்படி சின்னண்ணன் படகேற வேண்டும். ஏறவும் எழுந்தான். செங்கோடனார் கையை உயர்த்தித் தடுத்தார். "நீ கரையில இருந்து கேளு. கரை வரைக்கும் கேக்கும்" என்று அறிவித்துவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டார். பேராயுதத்தை இறக்கிக் கரையில் வைத்தார். வெற்றி உறுதி என்று அறிந்த வீரன் ஊரைத் திரட்டிப் போவான். உறுதியில்லாதவன் ஒரே ஒரு சாட்சியோடு போவான்.

நடுநீர். வழக்கமான இடம். எஞ்சினை நிறுத்தினார். அது அடங்கிய பின்னும் படகு கொஞ்ச தூரம் தானாகவே போயிற்று. வெயிலில் அணை முழுவதும் தகரம்போல் கிடந்தது. பாட்டைப் போட்டார்.

அந்த ஸ்பீக்கர்களின் ஆற்றலைச் சொல்ல என் எழுத்துக்கு ஆற்றல் இல்லை. முதல் அடியிலேயே தண்ணீர் கூசிச் சிலிர்த்தது. ஒலியை ஏற்றினார், பாறை மேல் இறக்கை உலர்த்திய நீர்க்காகங்கள் உலர்த்துவதைப் பாதியில் விட்டுப் பறந்தன. மேலும் ஏற்றினார், தூரத்தில் பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த இருவர் துடுப்பை உயர்த்தி ஏதோ சொன்னார்கள், அவர்கள் வாழ்த்துவதாக நினைத்து இவரும் கையை உயர்த்தினார். மேலும் ஏற்றினார், எதிர்க்கரையில் ஆடுகள் கூட்டமாகத் திரும்பி ஓடின. தட்டு வளையங்கள் இரண்டும் தாங்கள் ஜால்ராவாகப் பிறந்திருக்க வேண்டியவை என்று அப்போதுதான் உணர்ந்தவைபோல் கலகலவென்று அதிர்ந்தன. இனி ஏற்ற இடமில்லை என்று குமிழ் நின்றது. செங்கோடனார் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

குழல் வந்தது. தெளிவாக, நீர் மேல் கோடு கிழித்தாற்போல, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வந்தது. எனக்கும் வந்தது, நீர்க்காகத்துக்கும் வந்தது, ஓடிய ஆட்டுக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாசலில் நிற்கும் விருந்தாளிக்காக உள்ளறையில் காத்திருக்கும் முகம்.

குழல் போய்விட்டது. மறுபடி தவில் வந்தது. கண்ணைத் திறந்தார்.

சின்னண்ணனைக் கேட்டிருக்கிறார், மாதேஷைக் கேட்டிருக்கிறார், பெல் மாட்ட வந்தவனைக் கேட்டிருக்கிறார். இத்தனை போரிலும் என்னைக் கேட்டதில்லை. அன்றுதான் பாட்டைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"புல்லாங்கொழல் வருதா கண்ணாத்தா?"

இல்லை என்று சொன்னால் ஸ்பீக்கர் சாகும். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு பெட்டி வந்து இறங்கும். மிச்சம் இருக்கும் நாலு தட்டும் போகும். இதையெல்லாம் நினைத்துப் பார்த்துச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நினைக்கவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதுங்க" என்றேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இன்னும் உரக்க, நறுக்கியதையும் நீட்டியே சொன்னேன். "நல்லா வருதுங்க."

நீல விளக்கைப் பார்த்தார்.

"கழட்டிப் போட்டமே, பழசு. அதுல?"

"அதுலயும் வந்துச்சுங்க."

நான் அதைச் சொன்ன சத்தம் தண்ணீரின் மேல் தவழ்ந்து கரைவரை போயிருக்க வேண்டும். தூரத்தில் சின்னண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றதையும், மாதேஷ் குனிந்து தன் செருப்பில் எதையோ தேடியதையும் பார்த்தேன்.

தோல்வி வந்து நேரில் நிற்கும்போது வீரர்கள் பலவிதம் செய்ததாகக் கேள்வி. சிலர் வாளை முறித்து எறிந்தார்கள், சிலர் வடக்கு நோக்கி அமர்ந்து உணவை மறுத்தார்கள், சிலர் முடியைத் துறந்து காட்டுக்குப் போனார்கள். கருங்கல்லின் காலனும் ஆறரையின் அரசரும் ஆயிரம் அடி ஆழத்து நீரை அதட்டி எழுப்பியவருமான செங்கோடனாரோ, மேட்டூர் நீர்ப்பரப்பின் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் மைத்துனன் பெயர் நீல ஒளியில் மின்ன, முதுகின் கை எட்டாத அந்த ஒரு இடத்தை என்னிடம் காட்டிச் சொறியச் சொல்லி, நான் சொறிந்து முடித்த பிறகு பாட்டை அணைத்து, எஞ்சினை எழுப்பி, படகின் மூக்கைக் கரை நோக்கித் திருப்பி, திரும்பிய படகு தன் பின்னால் நீண்ட வெண்ணுரைப் பாதையை ஒரு தோற்ற படையின் கொடிச்சீலைபோல் இழுத்துவர, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, உலகத்தின் எல்லா அரசர்களும் எல்லாத் தோல்விகளுக்கும் பின் சொல்லியிருக்கக்கூடிய மொழியில், "அவங்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்றார்.

செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம்.